செம்மரமும் அழுங்கும்: ஆபத்து ஒன்றுதான், மருந்து வேறு

அழிந்துவரும் உயிரினம் என்றதும் நம் மனக்கண்ணில் முதலில் வருவது புலி. அடுத்து யானை, காண்டாமிருகம், சிங்கவால் குரங்கு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் ஒரு மரத்தையோ செடியையோ நம்மில் எத்தனை பேர் சேர்ப்போம்? விலங்கு அழிகிறது என்றால் பதறும் நாம், ஒரு மர இனம் அழிகிறது என்றால் அதைச் செய்தியாகக்கூட எடுத்துக்கொள்வதில்லை. ஜேம்ஸ் வாண்டர்சீ, எலிசபெத் ஷஸ்லர் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1999ஆம் ஆண்டில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயரே வைத்தார்கள்: தாவரக் குருட்டுத்தன்மை. கண்ணெதிரே நிற்கும் தாவரம் கண்ணில் படாமல் போவது என்று பொருள்.

இந்தக் கட்டுரையில் ஒரு மரத்தையும் ஒரு விலங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம். மரம், ஆந்திர மலைகளில் வளரும் செம்மரம். விலங்கு, எறும்புத்தின்னி. நம் கிராமங்களில் இதை அழுங்கு என்பார்கள், அலங்கு என்றும் சொல்வதுண்டு. இரண்டும் நமக்கு அருகில் வாழ்பவை. இரண்டையும் தேடி வரும் ஆபத்து ஏறக்குறைய ஒரே வழியில் வருகிறது. ஆனால் இரண்டையும் காப்பாற்றும் வழி ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம், ஒரே தீர்வு என்று பேசினால் இரண்டில் ஒன்றை நாம் இழந்துவிடுவோம்.

செம்மரம் எங்கே வளர்கிறது?

செம்மரத்துக்குச் செஞ்சந்தனம் என்றும் பெயர் உண்டு. தெலுங்கில் எர்ரசந்தனம். பெயரில் சந்தனம் இருப்பதால் பலரும் இதைச் சந்தன மரத்தின் உறவு என்று நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. செம்மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, வேங்கை மரத்துக்கு நெருங்கிய சொந்தம். சந்தனத்தின் மணம் இதற்குக் கிடையாது. இதன் மதிப்பெல்லாம் நிறத்திலும் உறுதியிலும்தான் இருக்கிறது. மரத்தின் நடுவில் இருக்கும் வைரப் பகுதியில் சாண்டலின் என்ற சாயப்பொருள் உள்ளது. அடர்ந்த சிவப்பு அதனால் வருகிறது. வைரம் பாய்ந்த செம்மரக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும். அவ்வளவு அடர்த்தி.

உலகத்தில் இந்த மரம் இயற்கையாக வளரும் இடம் மிகச் சிறியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா போன்ற மலைத்தொடர்களில்தான் இதன் பெரும்பகுதி இருக்கிறது. கடப்பா, சித்தூர், நெல்லூர் என்று நாம் பழகிய பெயர்களைச் சொன்னால் இடம் விளங்கும். மழை குறைவான, பாறை நிறைந்த, வளமற்ற சரிவுகள் அவை. அந்த வறண்ட மண்ணில் மரம் மெதுவாகத்தான் வளரும். வைரம் ஏறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

தமிழ் வீடுகளுக்கும் இந்த மரம் புதிதல்ல. நம் ஊர்க் கொலுவிலும் குழந்தைகளின் கையிலும் இருந்த மரப்பாச்சி பொம்மை பாரம்பரியமாகச் செம்மரத்தில் செய்யப்பட்டதுதான். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை என்று பெரியவர்கள் நம்பிக் கொடுத்த பொம்மை அது. திருப்பதிப் பக்கம் இந்த மரத்தில் சிற்பம் செதுக்கிப் பிழைத்த கைவினைஞர்கள் பலர். அந்த உள்ளூர்ப் பயன்பாட்டால் மட்டும் மரம் அழிந்துவிடவில்லை.

அழுங்கு எப்படிப்பட்ட விலங்கு?

அழுங்கை நேரில் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. இரவில் மட்டும் வெளியே வரும். தனியாகத் திரியும். பகலில் வளைக்குள் சுருண்டு கிடக்கும். உடல் முழுவதும் ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள். பார்த்தால் ஊர்வன இனம் போலத் தோன்றும். ஆனால் இது குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி. செதில் போர்த்திய பாலூட்டி உலகத்தில் இந்த இனம் ஒன்றுதான்.

இதற்குப் பல் கிடையாது. நீளமான, பசைபோல் ஒட்டும் நாக்கை எறும்புப் புற்றுக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் விட்டு இரையை ஒட்டி இழுத்து விழுங்கும். முன்னங்கால்களின் வலுவான நகங்களால் கெட்டியான புற்றையும் பிளந்துவிடும். அது தோண்டும்போது மண் புரள்கிறது, காற்றோட்டம் பெறுகிறது. அது விட்டுப்போன வளைகளில் வேறு சிறு உயிரினங்கள் குடியேறுகின்றன. கரையானும் எறும்பும் அளவுக்கு மீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்வதில் இதற்குப் பங்குண்டு.

உலகில் அழுங்கு இனங்கள் மொத்தம் 8. நான்கு ஆசியாவிலும் நான்கு ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றன. நம் பகுதியில் இருப்பது இந்திய அழுங்கு. பாகிஸ்தான், நேபாளம், இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் இது பரவியிருக்கிறது. நாட்டின் வடகிழக்கில் சீன அழுங்கும் உண்டு. பொதுவாக ஓர் ஈற்றில் ஒரு குட்டிதான். அந்தக் குட்டி தாயின் வால் அடியில் ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வரும். ஒன்றை இழந்தால் அந்த இடத்தை நிரப்ப இந்த இனத்துக்கு நெடுங்காலம் தேவை என்பது இதிலிருந்தே புரியும்.

பாதுகாப்பாக இருந்ததே பகையானது

இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். முதல் ஒற்றுமை இவற்றின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

செம்மரத்தின் வைரம் அந்த மரத்தின் பலம். பூச்சியும் கரையானும் அதை எளிதில் தொடாது. காலங்காலமாக வறட்சியைத் தாங்கி நிற்க உதவியது அந்த உறுதி. இன்று அதே வைரத்துக்காகத்தான் மரம் வெட்டப்படுகிறது. கடத்தல்காரர்கள் மேலே இருக்கும் வெளிர்நிறப் பகுதியைக் காட்டிலேயே செதுக்கி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் சிவப்புக் கட்டையை மட்டும் தூக்கிச் செல்கிறார்கள்.

அழுங்கின் கதையும் இதேதான். ஆபத்து வந்தால் அது ஓடாது, கடிக்காது. தலையை வயிற்றுக்குள் மடக்கிப் பந்துபோல் சுருண்டுவிடும். சிறுத்தையின் பல்லுக்குக்கூட அந்தச் செதில் பந்து எளிதில் வசப்படாது. ஆனால் மனிதனுக்குப் பல் தேவையில்லை. சுருண்ட அழுங்கை அப்படியே எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம். சிறுத்தையிடமிருந்து காப்பாற்றிய அதே பழக்கம், வேட்டைக்காரனுக்கு வேலையை எளிதாக்கிவிட்டது. மரத்தால் ஓட முடியாது, அழுங்கு ஓடுவதில்லை. வெட்டுபவன் முன்னால் இரண்டும் ஒன்றுதான்.

வதந்திக்குப் பலியாகும் உயிர்கள்

இரண்டாவது ஒற்றுமை, இரண்டையும் அழிப்பது பசி அல்ல, நம்பிக்கைகளும் ஆடம்பரமும்தான்.

செம்மரத்துக்கு முக்கியமான சந்தை சீனா. அங்கே மன்னராட்சிக் காலத்திலிருந்தே அடர்சிவப்பு மரச்சாமான்கள் உயர்குடியின் அடையாளம். பணம் பெருகிய இந்தக் காலத்தில் அந்த ஆசை பலருக்கும் வந்துவிட்டது. ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் தண்டுக்கு இந்த மரத்தை விரும்புகிறார்கள். இவற்றோடு நம் ஊரில் உலவும் கதைகள் வேறு. அணு உலையின் கதிர்வீச்சைத் தடுக்க வெளிநாட்டுக்காரன் இதை வாங்குகிறான், ஆண்மை மருந்துக்கு வாங்குகிறான் என்று டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை பேசப்படுகிறது. இவற்றுக்கு நிரூபிக்கப்பட்ட ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதைகள் மரத்தின் விலையைப் பற்றிய மயக்கத்தைக் கூட்டி, இளைஞர்களைக் காட்டுக்குள் இழுக்கின்றன.

அழுங்கின் செதிலைச் சுற்றியும் இப்படித்தான். சீனா, வியட்நாம் நாடுகளின் மரபு மருத்துவத்தில் இந்தச் செதில் பால் சுரப்புக்கும் மூட்டு வலிக்கும் நல்லது என்று நம்பப்பட்டது. இறைச்சி விருந்துகளில் அந்தஸ்தின் அடையாளமானது. நம் நாட்டிலும் சில இடங்களில் செதிலில் மோதிரம் செய்து போட்டால் திருஷ்டி கழியும், மூலம் தீரும் என்று சொல்வார்கள். உண்மை என்ன? அந்தச் செதில் முழுவதும் கெரட்டின் என்ற புரதம். நம் நகமும் முடியும் அதே கெரட்டின்தான். விரல் நகத்தை வெட்டிப் பொடி செய்து தின்றால் என்ன குணம் கிடைக்குமோ, அதுதான் இதிலும் கிடைக்கும்.

இந்த வணிகத்தின் அளவு சிறியதல்ல. 2019 ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்துப் பிடிபட்ட இரண்டு கொள்கலன்களில் மட்டும் 25 டன்னுக்கும் அதிகமான அழுங்குச் செதில் இருந்தது. நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு அது. அதற்காகக் கொல்லப்பட்ட விலங்குகள் பல்லாயிரம். ஆசியாவில் அழுங்கு குறையக் குறைய, வியாபாரிகளின் பார்வை ஆப்பிரிக்கா பக்கம் திரும்பியதையே இது காட்டுகிறது.

காட்டுக்குள் போகிறவர் யார்?

மூன்றாவது ஒற்றுமை, நம் மாநிலத்தை நேரடியாகத் தொடுவது. இந்த வணிகத்தின் லாபம் எங்கோ தொலைவில் இருக்கும் முதலாளிக்கும் தரகருக்கும் போகிறது. தண்டனை மட்டும் காட்டுக்குள் போகும் ஏழைக்கு.

2015 ஏப்ரல் 7ஆம் தேதியை மறக்க முடியாது. சேஷாசலம் வனப்பகுதியில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி போன்ற தமிழக மாவட்டங்களிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள் அவர்கள். மலைவாழ் மக்களும் அவர்களில் இருந்தார்கள். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. அதற்கு முன், 2013 டிசம்பரில், இதே காட்டில் இரண்டு வனத்துறை அலுவலர்களைக் கடத்தல் கும்பல் அடித்துக் கொன்றது. மரம் வெட்டப் போனவர்களும் மரத்தைக் காக்கப் போனவர்களும் செத்தார்கள். மரத்தை வாங்கிய பணக்காரரின் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

ஜவ்வாது மலை போன்ற இடங்களில் மழை பொய்த்து, நிலம் விளையாமல், கடன் ஏறிய வீடுகளில்தான் தரகர் வந்து உட்காருகிறார். மரம் ஏற்றும் வேலை, கட்டட வேலை என்று பொய் சொல்லிக் கூட்டிப் போவதும் உண்டு. நல்ல கோடரிக்காரர், சுமை தூக்கப் பழகியவர் என்பதே அந்த மக்களுக்குச் சாபமாகிவிட்டது.

அழுங்கிலும் இதே சங்கிலிதான். வளையைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் காட்டோரத்து ஏழை. அவருக்குக் கிடைப்பது சில ஆயிரம். பிடிபட்டால் சிறை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து அழுங்கும் இடம்பெற்றிருக்கிறது. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022இல் வந்த திருத்தத்தின்படி அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். அழுங்கு சிறிய விலங்குதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் பலர்.

இங்கிருந்துதான் பாதை பிரிகிறது

இதுவரை பார்த்தவை ஒற்றுமைகள். இனி வேறுபாட்டைப் பார்ப்போம். காப்பாற்றும் வழியைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான்.

செம்மரத்தை வளர்க்க முடியும். அதன் காயில் ஒன்றோ இரண்டோ விதைதான் இருக்கும், முளைப்பதும் குறைவு என்றாலும் நாற்றங்காலில் கன்று எடுக்கலாம். வெட்டிய அடிமரத்திலிருந்தும் துளிர்விடும். ஆந்திராவிலும் தமிழகத்திலும் விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் இதை நட்டு வளர்க்கிறார்கள். தனியார் நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு 2019இல் ஏற்றுமதிக் கொள்கையைத் தளர்த்தியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையம், செம்மர விற்பனையில் கிடைத்த பலன் பங்கீட்டுத் தொகையிலிருந்து திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 விவசாயிகளுக்கு 55 லட்சம் ரூபாயை 2025இல் விடுவித்தது. அதாவது, இந்த மரத்தைப் பொறுத்தவரை நேர்மையான வியாபாரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வயலில் வளர்ந்த கட்டை சட்டப்படி சந்தைக்கு வந்தால், காட்டு மரத்தின் மீதான அழுத்தம் குறைய வாய்ப்பு உண்டு.

அழுங்கை அப்படி வளர்க்க முடியாது. உயிருள்ள எறும்பும் கரையானும்தான் அதன் உணவு. கூண்டில் அடைத்தால் சாப்பிட மறுக்கும், எளிதில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோகும். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி என்ற கணக்கில் பண்ணை நடத்த யாராலும் முடியாது. பண்ணை என்று பலகை மாட்டினால், காட்டில் பிடித்ததைப் பண்ணையில் பிறந்ததாகக் காட்டும் மறைவிடமாகத்தான் அது ஆகும். ஆகவே அழுங்கைப் பொறுத்தவரை சட்டப்படியான வியாபாரம் என்ற ஒன்று இருக்கவே முடியாது. வாங்குபவர் வாங்குவதை நிறுத்துவது ஒன்றே வழி.

உலக நாடுகளும் இந்த வேறுபாட்டை உணர்ந்தே முடிவெடுத்திருக்கின்றன. அழியும் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் செம்மரம் 1995 முதல் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. இந்தப் பட்டியலில் உள்ளவற்றை உரிய அனுமதியோடு விற்கலாம். அழுங்கின் 8 இனங்களும் 2016இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. காட்டில் பிடித்த முதல் பட்டியல் உயிரினங்களை வணிகத்துக்காக நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. செம்மர ஏற்றுமதி தொடர்பாக இந்தியா நீண்ட காலம் சைட்டிஸின் சிறப்புக் கண்காணிப்பில் இருந்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த நிலைக்குழுக் கூட்டத்தில் அந்தக் கண்காணிப்பிலிருந்து இந்தியாவின் செம்மரம் விடுவிக்கப்பட்டது.

பிடிபட்ட சரக்கை என்ன செய்வது?

இதே வேறுபாடு பறிமுதல் கிடங்கிலும் தெரிகிறது. ஆந்திர அரசு பிடித்து வைத்த செம்மரக் கட்டைகளை உலகளாவிய ஏலத்தில் விற்று வருகிறது. அந்தப் பணம் அரசுக்கு வருமானம். அழுங்குச் செதிலை எந்த அரசும் அப்படி விற்கக் கூடாது. மத்திய ஆப்பிரிக்க நாடான கேமரூன், பறிமுதல் செய்த சுமார் 3 டன் செதிலை 2017 பிப்ரவரியில் குவித்து வைத்து எரித்தது. ஒரு பொருளை விற்பதா எரிப்பதா என்ற கேள்விக்கு, அந்த உயிரை மறுபடி உருவாக்க முடியுமா என்பதுதான் பதில்.

ஆனால் செம்மரம் வளர்க்கக்கூடியது என்பதால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அதில் மூன்று சிக்கல்கள் உண்டு.

ஒன்று, காலம். இன்று கன்று நட்டவர் விற்கத்தக்க வைரத்தைப் பார்க்க 20, 25 ஆண்டுகள் ஆகும். கடத்தல்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். வயலில் தண்ணீர் பாய்ச்சி வேகமாக வளர்த்தால் மரம் பருக்கும், ஆனால் வைரம் அதே வேகத்தில் ஏறாது. பாறைச் சரிவில் மெதுவாக வளர்ந்த காட்டு மரத்துக்கே சந்தையில் மவுசு.

இரண்டு, கலப்படம். வயல் மரத்துக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டைக் காட்டிக் காட்டு மரத்தை அனுப்பிவிட முடியும். எந்த நிலத்தில் எத்தனை மரம், எப்போது வெட்டியது என்ற பதிவு ஒழுங்காக இல்லாவிட்டால், விவசாயிக்குத் திறந்த கதவு கடத்தல்காரருக்கும் திறந்ததாகிவிடும். அதற்குப் பயந்து கதவை இறுக மூடினால், நேர்மையான விவசாயி அலுவலகம் அலுவலகமாக அலைந்து, எதற்கு இந்த மரம் என்று பிடுங்கி எறிவார்.

மூன்று, வயலில் ஆயிரம் மரம் நின்றாலும் அது காடு ஆகாது. சேஷாசலத்தில் இயற்கையாக நிற்கும் மரங்களில்தான் அந்த இனத்தின் மரபுவளம் இருக்கிறது. அந்தச் சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் அவைதான். ஐ.யு.சி.என். எனப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், செம்மரத்தை 2018இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்து கீழே இறக்கியது. சில ஆண்டுகளிலேயே நிலைமையைப் பார்த்து மறுபடி அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தது. தோட்டங்கள் பெருகிய காலத்திலேயே காட்டில் இந்த நிலை.

எண்ண முடிவதும் முடியாததும்

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. செம்மரத்தை எண்ணலாம். வனத்துறையால் ஒரு சரிவில் எத்தனை மரம் நிற்கிறது என்று கணக்கெடுக்க முடியும். திருட்டு நடந்தால் அடிக்கட்டை சாட்சியாக நிற்கும். எத்தனை போயிற்று என்று தெரியும்.

அழுங்கை எண்ண முடிவதில்லை. இரவில் நடமாடி, பகலில் மண்ணுக்குள் உறங்கும் விலங்கு அது. புலிக்கு இருப்பதுபோல் இந்தியாவில் இத்தனை அழுங்கு என்ற நம்பகமான எண் எவரிடமும் இல்லை. ஒரு காட்டில் கடைசி அழுங்கு பிடிபட்டுப் போனால்கூட அங்கே எந்த அடிக்கட்டையும் நிற்காது. வளை தூர்ந்துவிடும், அவ்வளவுதான். எத்தனை பிடிபட்டது என்ற செய்தியை வைத்துத்தான் எத்தனை இருந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். 2008இல் இந்திய அழுங்கு ஓரளவு பாதுகாப்பான நிலையில் இருப்பதாகக் கருதிய ஐ.யு.சி.என்., 2014இல் அதை அழிவாபத்துப் பட்டியலுக்கு மாற்றியது.

இங்கே ஒரு முரணைக் கவனிக்கலாம். மரத்தை எண்ண முடிகிறது, ஆனால் நம் அக்கறை அதன்மீது விழுவதில்லை. விலங்கின்மீது அக்கறை எளிதில் விழும், ஆனால் அழுங்கு நம் கண்ணிலேயே படுவதில்லை. கடைசியில் இரண்டுமே நம் கவனத்துக்கு வெளியே இருக்கின்றன. கடத்தல்காரருக்கு மிகவும் பிடித்த நிலை இதுதான்.

மாற்றம் சாத்தியமா?

சாத்தியம்தான் என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டு. 2020இல் சீனா அழுங்குக்கு நாட்டின் உச்சபட்சப் பாதுகாப்பை அளித்தது. அந்த ஆண்டின் அரசு மருந்து நூலில் தனி மருந்துப் பொருளாக இருந்த இடத்திலிருந்து அழுங்குச் செதில் நீக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில், கடத்தல்காரர்களிடமிருந்து மீட்ட அழுங்குகளின் உடலில் ரேடியோ கருவி பொருத்திக் காட்டில் விட்டு, அவை பிழைக்கின்றனவா என்று கண்காணித்திருக்கிறார்கள். மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் அழுங்குக்காகக் கிராமத்தார் விழாவே எடுத்திருக்கிறார்கள். வேட்டையாடத் தெரிந்த ஊரே காவல் ஊராக மாறினால், எந்தப் படையாலும் முடியாத காரியம் நடக்கும்.

செம்மரத்திலும் அதுவே விடை. மலையடிவார மக்களுக்கு உள்ளூரிலேயே பிழைக்க வழி இருந்தால் தரகரின் முன்பணம் கையை நீட்ட வைக்காது. துப்பாக்கியைக் கூட்டுவதை விட, ஜவ்வாது மலையில் ஆண்டு முழுக்க வேலை கிடைப்பது மரத்துக்கு நல்ல வேலி.

நம் பங்கு என்ன?

நாம் வனத்துறையும் அல்ல, சுங்கத்துறையும் அல்ல. ஆனாலும் நம் கையில் சில காரியங்கள் இருக்கின்றன.

முதலாவது, பயணம் போகும் நம் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் போய்வருபவர்கள் நம்மில் அதிகம். டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன், இந்தப் பையை அங்கே ஒருவரிடம் கொடுத்தால் போதும் என்று குருவியாக அனுப்ப ஆள் தேடுபவர்கள் உண்டு. செம்மரத் துண்டுகளும் இப்படிப் போவதுண்டு. பையில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்ற பதில் விமான நிலையத்தில் செல்லாது. வழக்கு, சிறை, பாஸ்போர்ட் முடக்கம் என்று போகும் வாழ்க்கையை அந்த டிக்கெட் ஈடுகட்டாது. நாம் கட்டாத பெட்டியை நாம் சுமக்கக் கூடாது.

இரண்டாவது, மருந்து என்ற பெயரில் வரும் செதில், மோதிரம், பொடி எதையும் வாங்க வேண்டாம். வாங்குபவர் இல்லையென்றால் பிடிப்பவரும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் நம்பிக்கையோடு கேட்டால், நகமும் செதிலும் ஒன்றே என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

மூன்றாவது, தோட்டத்திலோ ஊர் எல்லையிலோ அழுங்கைக் கண்டால் கூட்டம் சேர்க்க வேண்டாம், படம் எடுத்து இடத்தைப் பரப்ப வேண்டாம். அந்தப் படமே தரகருக்கு வழிகாட்டியாகிவிடும். நாய்களை விலக்கிவிட்டு, பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டால் போதும். அடிபடாத அழுங்கு இருட்டியதும் தானாகவே போய்விடும்.

நான்காவது, செம்மரம் நட விரும்புபவர்கள் தாராளமாக நடலாம். ஆனால் சில ஆண்டுகளில் கோடி ரூபாய் என்று கன்று விற்பவரின் பேச்சை நம்பி நட வேண்டாம். பிள்ளைகளின் காலத்துக்கான மரம் இது என்ற தெளிவோடு, கிராமக் கணக்கில் முறையாகப் பதிந்து, வனத்துறையின் விதிகளைக் கேட்டறிந்து நட்டால் பின்னால் சிக்கல் இருக்காது.

செம்மரமும் அழுங்கும் ஒரே காட்டில் வாழலாம். ஒரே சந்தை இரண்டையும் கேட்கலாம். மரத்துக்கு, நேர்மையாக வளர்ப்பவருக்கு வழி திறப்பதும் காட்டைக் காப்பதும் சேர்ந்து தேவை. அழுங்குக்கு, வாங்கும் கை சும்மா இருந்தாலே போதும். முதலாவதைச் செய்ய அரசும் விவசாயியும் வேண்டும். இரண்டாவதை இன்றைக்கே நாம் ஒவ்வொருவரும் செய்யலாம்.